பரண் நிறையப் பாத்திரம்: அம்மா விடமாட்டேன் என்கிறார், என்ன செய்வது?

கேள்வி: இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் இருக்கிறோம். பரண் முழுக்க அம்மாவின் எவர்சில்வர், பித்தளைப் பாத்திரங்கள். கட்டிலுக்கடியில் காலி டப்பாக்கள், பழைய சார்ஜர்கள், ஜவுளிக்கடைப் பைகள். எதைத் தொட்டாலும் "இருக்கட்டும், என்னைக்காவது உதவும்" என்கிறார். போன மாதம் பெரிய சண்டையே வந்துவிட்டது. எங்கே தொடங்குவது?

பதில்: பரணில் மட்டும் தொடங்காதீர்கள். கட்டிலுக்கடியில் தொடங்குங்கள். மூடி இல்லாத டப்பா, எந்த போனுக்கும் சேராத சார்ஜர், கிழிந்த பை, இவற்றின் மேல் யாருக்கும் பாசம் இருக்காது. ஒரு ஞாயிறு காலை போதும்.

பரண் வேறு விஷயம். கையில் இருக்கும் பொருளுக்கு மனம் கூடுதல் விலை போடும். உளவியலாளர் டேனியல் கானமன், பொருளாதார அறிஞர்கள் ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பை கொடுத்தார்கள். அதை விற்க அவர்கள் கேட்ட விலை, மற்றவர்கள் வாங்கத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சற்று முன் கைக்கு வந்த கோப்பைக்கே இப்படி. அம்மாவின் பாத்திரங்களோ பல வருடம் அவர் கையில் புழங்கியவை. அவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்லிவிடாதீர்கள்.

ஒரு தூக்கையோ சம்படத்தையோ எடுத்து விளிம்பைப் பாருங்கள். பேர் வெட்டியிருக்கும். கல்யாணத்துக்கு மாமா கொடுத்தது, கிரகப்பிரவேசத்துக்குப் பக்கத்து வீட்டார் வைத்தது என்று தேதியோடு இருக்கும். அம்மா காப்பாற்றுவது அந்த உறவுகளை. அதனால் ஒரு தடவைக்கு ஒரே ஒரு மூட்டையை இறக்கி, அவரை உட்கார வைத்து, "இது யார் கொடுத்தது?" என்று கேளுங்கள். சொல்லட்டும். பேர் வெட்டிய இடத்தைப் படம் எடுத்து, அவர் சொல்வதை எழுதி வையுங்கள். சொல்லி முடித்தபின், ஒரே அளவில் ஆறு இருந்தால் இரண்டு போதும் என்று அவர்களே எடுத்துக் கொடுப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். எதை வைத்துக்கொள்வது என்ற முடிவு அவருடையதாகவே இருக்கட்டும். அவருக்குத் தெரியாமல் எதையும் போடாதீர்கள். ஒரு முறை தெரிந்துவிட்டால் அடுத்த மூட்டை இறங்காது.

பித்தளையைக் கடைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டிலேயே எடை போட்டுக்கொண்டு, இரண்டு கடையில் விலை கேளுங்கள். புழங்கப் போகிறீர்கள் என்றால் உள்ளே ஈயப் பூச்சு (வெள்ளீயம்) இருக்கிறதா என்று பாருங்கள். ஈயம் போன பித்தளையில் புளியோ மோரோ வைக்கக் கூடாது.

மிச்சக் குப்பையைப் போகிக்கு எரிக்க வேண்டாம். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னையில் விமானங்களே தாமதமாயின. பழைய போன், பேட்டரியை மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கலாம், அதை வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள்.

இன்னொன்று. கட்டிலில் படுக்க முடியாமல், அடுப்படியில் சமைக்க முடியாமல் சாமான் நிறைந்து, குப்பையைக் கூட விட முடியாமல் ஒருவர் தவித்தால் அது வேறு. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் அதைத் தனி நோயாகவே வகைப்படுத்தியது. அப்படி இருந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். உங்கள் அம்மா விஷயத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.