ராக் இசையில் சொல்லப்படும் ‘ஃபீட்பேக்’ என்பது என்ன?

ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசை மறுபடியும் கிட்டாருக்குள் புகுந்து, பெருகி, சுற்றிச் சுற்றி வருவதுதான் ஃபீட்பேக். திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் கொடைகளில் இதைக் கேட்காதவர் இருக்க முடியாது. வில்லுப்பாட்டு தொடங்குமுன் யாராவது மைக்கோடு ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்துவிடுவார்; ‘கீ’ என்ற அலறலில் ஊரே காதைப் பொத்தும். மைக்செட்காரர் பதறிப்போய்ச் சத்தத்தைக் குறைப்பார்.

மின்கிட்டாரில் மைக்கின் வேலையைக் கம்பி செய்கிறது. ஒலிபெருக்கியின் அதிர்வு கம்பியை ஆட்டுகிறது. அடியிலுள்ள காந்தச் சுருள் அந்த அசைவை மின்சாரமாக்கி ஒலிபெருக்கிக்கே திருப்பி அனுப்புகிறது. மீட்டாமலேயே சுரம் நீள்வது இதனால்தான்.

1964இல் பீட்டில்ஸ் குழுவின் ‘ஐ ஃபீல் ஃபைன்’ பாடல் இந்த ஒலியோடுதான் தொடங்கியது. 1969 ஆகஸ்டில் அமெரிக்காவில் நடந்த வுட்ஸ்டாக் இசை விழாவில் ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தார். நடுவே குண்டு விழுவது போன்ற ஓலத்தை எழுப்ப இதுவே கைகொடுத்தது. மைக்செட்காரரின் தலைவலி கலையான இடம் அதுதான் என்பேன்.

கரகரப்பான ‘டிஸ்டார்ஷனும்’ இதுவும் ஒன்றல்ல. டிஸ்டார்ஷன் என்பது ஒலியைப் பெருக்கும் கருவியான ஆம்ப்ளிஃபயரைத் தாங்கும் அளவுக்குமேல் விரட்டும்போது ஒலியலையின் முனைகள் வெட்டுப்படுவது, அதற்கு இந்தச் சுற்று தேவையே இல்லை.