குரலை முதலில் காப்பாற்றுங்கள்

வணக்கம் ஐயா,

பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து எழுதுகிறேன். போன வாரம் அப்பா மாரடைப்பில் தவறிவிட்டார். காலையில் லோரி எடுக்கக் கிளம்பியவர். வயது 58. 16ஆம் நாள் கருமக்கிரியைக்கு வருகிறவர்களுக்கு ஒரு நினைவு மலர் கொடுக்க நினைக்கிறோம். என்னைத்தான் எழுதச் சொல்கிறார்கள். உட்கார்ந்தால் அந்தக் காலை மட்டுமே வருகிறது. அவர் பிறந்தது கெடாவிலா பேராக்கிலா என்பதில்கூட அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் ஒத்துப்போகவில்லை. எங்கே தொடங்குவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் துயரத்தில் நானும் பங்குகொள்கிறேன். 58 போகிற வயதில்லை.

மலரை 16ஆம் நாளுக்குள் முடிக்க வேண்டாம். இப்போது எழுதினால் 58 வருடம் வாழ்ந்தவரின் மலர் ஒரே ஒரு காலையின் மலராகிவிடும். அன்றைக்கு ஒரு படம், தோற்றம், மறைவு, குடும்பத்தார் பெயர்கள் கொண்ட ஒரு மடிப்புத் தாள் போதும். மலர் முதலாண்டுத் திவசத்துக்கு வரட்டும். திதிப்படி வரும் நாள் ஆங்கிலத் தேதியோடு பெரும்பாலும் பொருந்தாது. காரியம் நடத்துகிறவரிடம் இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய வேலை சேகரிப்பு. எது முதலில் அழியுமோ அதை முதலில் எடுக்க வேண்டும், அது குரல். அப்பாவின் எண்ணை அவசரப்பட்டு வெட்டாதீர்கள். பிரீபெய்ட் என்றால் டாப்-அப் செய்து உயிரோடு வைத்திருங்கள், காலாவதியான எண் பிறகு வேறொருவருக்குப் போய்விடும். 120 நாள் இணைப்பில்லாமல் கிடக்கும் வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக நீக்கப்படும். கைப்பேசியின் பூட்டு எண் தெரியாவிட்டால் ஊகித்து அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். தவறு கூடக்கூடக் காத்திருக்கும் நேரம் நீளும், சில கைப்பேசிகளில் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்தே போகும்.

நல்லவேளையாக, அவர் உங்களுக்கும் அம்மாவுக்கும் அனுப்பிய குரல்பதிவுகள் உங்கள் கைப்பேசிகளிலேயே இருக்கின்றன. ஊடகங்களோடு சேர்த்து உரையாடலை ஏற்றுமதி செய்தால் அண்மைய 10,000 செய்திகள் வரைதான் வரும், அதனால் பழைய பதிவுகளைத் தேடித் தனியாகச் சேமியுங்கள். ஒரு பிரதி கணினியில், இன்னொன்று பென்டிரைவில். "கேட்டைத் திற, வந்துட்டேன்" என்கிற மூன்று வினாடிப் பதிவையும் விடாதீர்கள். அவர் பேசிய பினாங்குத் தமிழ் அதில்தான் அப்படியே இருக்கிறது.

அடுத்தது மனிதர்கள். கருமக்கிரியைக்கு எல்லாரும் ஒரே கூரையின் கீழ் வருவார்கள், இப்படி இன்னொரு நாள் அமையாது. ஓர் அறையை ஒதுக்கி, மின்விசிறியை நிறுத்தி (அந்த இரைச்சல் பதிவில் பேச்சையே விழுங்கிவிடும்), கைப்பேசியை மேசைமேல் வைத்து, ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று பேசவிடுங்கள். தொடக்கத்திலேயே அவர்கள் பெயரையும் உறவையும் சொல்லச் செய்யுங்கள். "அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்பார்கள், அதோடு முடிந்துவிடும். எந்தக் கடையில் தேநீர் குடிப்பார், வண்டி நின்றுவிட்டால் முதலில் எதைத் திறந்து பார்ப்பார், கடன் கேட்டால் என்ன சொல்லுவார், யாரோடு பேச்சை நிறுத்தியிருந்தார், அது எப்படிச் சரியானது என்று கேளுங்கள். அவரோடு லோரி ஓட்டியவர்களைக் கட்டாயம் உட்கார வையுங்கள். வீட்டுக்குத் தெரியாத பாதி வாழ்க்கை அவர்களிடம் இருக்கிறது.

ஆண்டு கேட்டால் யாருக்கும் நினைவு வராது. "பாலம் திறப்பதற்கு முன்பா பின்பா?" என்று கேட்டால் வரும். தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் முதல் பாலம் 1985, இரண்டாவது 2014, சுனாமி 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்த மூன்றையும் வைத்தே ஒரு பினாங்குக்காரரின் நடுவயதை அடுக்கிவிடலாம். வேலை மாறிய ஆண்டுகளுக்குப் பழைய சம்பளச் சீட்டு, சேமநிதி அறிக்கை, ஓட்டுநர் உரிமம் இவற்றைப் பாருங்கள். வீட்டைச் சுத்தம் செய்யும்போது முதலில் குப்பைக்குப் போவது இவைதான்.

அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் இடையிலான வழக்கை அடையாள அட்டை எண் தீர்க்கக்கூடும். 12 இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, ஏழாவதும் எட்டாவதும் பிறந்த மாநிலம்: 02 கெடா, 07 பினாங்கு, 08 பேராக். அட்டையை ஒப்படைத்திருந்தாலும் எண் இறப்புச் சான்றிதழில் இருக்கும்.

பழைய ஒட்டும் ஆல்பத்திலிருந்து படங்களைப் பிய்க்காதீர்கள். பசை இறுகியிருந்தால் படத்தின் மேல்தோல் கிழியும். பல் இடுக்கில் விடும் நூலைப் படத்தின் அடியில் நுழைத்து மெல்ல அறுத்தெடுங்கள். அதற்கும் வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிடலாம், சிறிய படங்களுக்கு 600 டிபிஐ (ஸ்கேனின் தெளிவு அளவு). பின்புறம் பெயர் எழுதப் பென்சில்தான், பேனா அழுத்தினால் முகத்தில் தடம் விழும். லேமினேட் வேண்டவே வேண்டாம், பிறகு பிரிக்க முடியாது.

எழுத உட்காரும்போது "அன்பானவர், பண்பானவர்" என்று தொடங்காதீர்கள். அவருடைய ஒரு சாதாரண வேலைநாளை விடிகாலையிலிருந்து இரவு வரை எழுதுங்கள். அன்பு எங்கே இருந்தது என்று அதில் தானாகத் தெரியும். அந்தக் கடைசிக் காலைக்கு மூன்று வரி போதும், அதையும் முடிவில் வைக்காமல் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டால் மீதிப் பக்கமெல்லாம் அவர் உயிரோடு நடமாடுவார்.

நடுவில் பின் அடிக்கும் மலருக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும், 16 சரியான அளவு. அச்சகத்துக்குப் படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி மங்கலாகும், கோப்பாக அனுப்புங்கள். தமிழைச் சரியாகக் கையாளாத மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறும், ஆகவே எழுத்துருவைப் பதித்த பிடிஎஃப் கொடுத்து, ஒரு மாதிரிப் பிரதியைத் தாளில் வாங்கிப் பாருங்கள். அந்தப் பிரதியை அத்தையிடமும் சித்தப்பாவிடமும் வாசித்துக் காட்டுங்கள், முக்கியமாகப் பெயர்களை. விடுபட்ட ஒரு பெயர் பல வருட மனத்தாங்கலாகிவிடும்.