பாம்பன் கடலின் ஓதத்தில் மின்சாரம் எடுக்கலாமா?

கேள்வி: ஆடி அமாவாசைக்குக் குடும்பத்துடன் ராமேஸ்வரம் சென்று திரும்புகையில் பாம்பன் பாலத்தில் நின்று பார்த்தோம். தூண்களைச் சுற்றிக் கடல்நீர் ஆறுபோல் ஓடிக்கொண்டிருந்தது. நான் செல்லூரில் விசைத்தறி வைத்திருப்பவன். மின்சாரத்தின் அருமை எனக்குத் தெரியும். நாள்தோறும் ஏறி இறங்கும் இந்தக் கடலிலிருந்து தமிழ்நாடு ஏன் இன்னும் மின்சாரம் எடுக்கவில்லை?
*– வாசகர், செல்லூர், மதுரை*

பதில்: சந்திரனும் சூரியனும் ஈர்ப்பதால் கடல்மட்டம் ஒழுங்காக ஏறி இறங்குவதற்கு ஓதம் என்று பெயர். காற்றினால் எழும் அலை வேறு, ஓதம் வேறு. கேரளத்து விழிஞ்ஞத்தில் 1991-இல் சென்னை ஐ.ஐ.டி. அமைத்துச் சோதித்தது அலை மின்நிலையம். அதை ஓத மின்நிலையம் என்று எழுதுவது பிழை.

ஓத மின்நிலையத்தின் வேலை எளிதானது. கடல் உட்புகும் ஒரு கழிமுகத்தின் வாயில் அணை கட்டி, நீர் ஏறும்போது மதகுகளைத் திறந்து உள்ளே விட்டு, உச்சத்தில் அடைத்துவிடுகிறார்கள். வெளியே கடல் வற்றியதும், உள்ளே தேங்கிய நீரை டர்பைன்கள் வழியாக வடிக்கிறார்கள். பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் டர்பைன்களைச் சுற்றிவிட்டு நம் பக்கம் வருவதும் இதே அடிப்படையில்தான். ஆனால் அங்கே தண்ணீர் மலையிலிருந்து இறங்குகிறது. கடலிலோ, ஓதம் எவ்வளவு உயர்த்துகிறதோ அவ்வளவுதான் இறக்கம்.

உங்கள் கேள்விக்கான விடை இந்த உயரத்தில்தான் இருக்கிறது. ஓதத்தின் உயரம் இரண்டு மடங்கானால் தேங்கும் நீரும் இரண்டு மடங்காகிறது, அது விழும் உயரமும் இரண்டு மடங்காகிறது. எனவே கிடைக்கும் ஆற்றல் நான்கு மடங்காகிவிடும். நம் வண்டியூர் தெப்பக்குளத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏறத்தாழ 1,000 அடி நீளமும் 950 அடி அகலமும் கொண்ட அந்தக் குளத்தை அப்படியே கடலோரத்துக்குக் கொண்டுபோய் வைத்ததாகக் கொள்ளுங்கள். ஒரு மீட்டர் ஓதம் ஏறி, ஒரு முறை முழுவதும் வடிந்தால் கிடைக்கக்கூடிய ஆற்றல் சுமார் 120 யூனிட். ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டைவிடச் சற்றே அதிகம், அதுவும் டர்பைனில் ஏற்படும் இழப்பைக் கழிக்காமல். அதே குளத்தில் 8 மீட்டர் ஓதம் ஏறி வடிந்தால் 7,700 யூனிட்டுக்கு மேல் வரும்.

நம் கடற்கரையில் ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்து ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவு. மண்டபத்துப் படகுத்துறையில் ஒரு தூணை நான் கூர்ந்து பார்த்திருக்கிறேன். சிப்பியும் பாசியும் ஒட்டி, வற்றத்தில் கருத்து ஈரமாகத் தெரியும் பட்டை ஒரு முழத்தைச் சற்றே தாண்டியது. அந்த முழ உயரத்தை நம்பி அணை கட்டினால், போட்ட சிமெண்டுக்கும் கட்டாது.

பிரான்சின் ரான்ஸ் ஆற்றுக் கழிமுகத்தில் ஓதம் சராசரியாக 8 மீட்டர் ஏறுகிறது. அங்கே 750 மீட்டர் நீள அணையில் 24 டர்பைன்களுடன் 1966-இல் தொடங்கிய 240 மெகாவாட் நிலையம் இன்றும் ஆண்டுக்கு 50 கோடி யூனிட் அளவில் தந்துகொண்டிருக்கிறது. தென்கொரியாவின் சிஹ்வா நிலையம் 2011-இல் வந்தது. அது 254 மெகாவாட். இந்தியாவில் இத்தகைய ஓதம் குஜராத்தில்தான் உண்டு. காம்பே வளைகுடாவில் 11 மீட்டர் வரையிலும், கட்ச் வளைகுடாவில் 8 மீட்டர் வரையிலும் நீர் ஏறுகிறது. அவ்விடங்களில் முறையே 7,000 மெகாவாட்டும் 1,200 மெகாவாட்டும் எடுக்கலாம் என்பது மதிப்பீடு. ஆயினும் செலவு மிகுதியால் வணிக அளவில் ஒரு நிலையமும் நம் நாட்டில் எழவில்லை.

கேள்வி: அணை வேண்டாம்; பாம்பன் கால்வாயின் நீரோட்டத்திலேயே காற்றாலை போன்ற விசிறிகளைப் பொருத்தினால் என்ன?
*– ஆசிரியை, திருமங்கலம்*

பதில்: நல்ல யோசனை, ஸ்காட்லாந்தின் வடமுனையில் பென்ட்லண்ட் நீரிணையில் அப்படித்தான் செய்கிறார்கள். கடலடியில் தலா 1.5 மெகாவாட் திறனுள்ள நான்கு டர்பைன்களை நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் சுழல்வட்டமும் 18 மீட்டர் விட்டம். பாம்பன் கால்வாயின் ஆழமோ சில மீட்டர்தான். மேலும், நீரோட்டத்தின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். பாம்பனில் நீங்கள் காணும் ஓட்டத்தில் பருவக்காற்று தள்ளும் நீரும் கணிசமாக உண்டு. வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணையிலிருந்து மன்னார் வளைகுடாவை நோக்கியும், தென்மேற்குப் பருவத்தில் எதிர்த்திசையிலும் அது ஓடுகிறது. ஆகவே ஓதத்துக்கே உரிய நிச்சயம் அங்கே கிடைக்காது.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். அந்தக் கால்வாய் படகுகள் கடக்கும் வழி. அதன் ஒரு பக்கம் 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, மறுபக்கம் 2022-இல் அறிவிக்கப்பட்ட பாக் விரிகுடா கடற்பசுக் காப்பகம். சில நூறு வீடுகளுக்கான மின்சாரத்துக்காக அந்த வாயிலில் இரும்பு விசிறிகளை நிறுத்துவதை என்னால் ஏற்க இயலாது.

கேள்வி: சூரிய ஒளியும் காற்றும் இருக்கும்போது ஓதத்துக்கென்று தனிப் பெருமை உண்டா?
*– கல்லூரி மாணவர், மேலூர்*

பதில்: உண்டு, அது முன்கூட்டியே தெரிவது. ஆரல்வாய்மொழியிலோ கம்பம் பள்ளத்தாக்கிலோ நாளை காற்று எப்படி வீசும் என்பதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. கமுதியின் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தின் மேல் மேகம் எப்போது வரும் என்பதையும் சொல்ல முடியாது. ஓதத்தையோ, பஞ்சாங்கத்தில் கிரகண நேரம் குறிப்பதுபோல், பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டு வைக்கலாம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகிறது. அதனால் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் பிந்திக்கொண்டே போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றம் மிகும். அட்டமியை ஒட்டித் தணியும்.

ஆனால் முன்கூட்டித் தெரிவது வேறு, எப்போதும் கிடைப்பது வேறு. ஏற்றம் நள்ளிரவில் வந்தால் மின்சாரமும் அதை ஒட்டிய வேளையில்தான் வரும்; அட்டமி வாரத்தில் குறைந்துதான் வரும். தறிகள் ஓடும் நேரத்துக்காகக் கடல் காத்திருப்பதில்லை என்பதால், இதற்கும் துணை மின்சாரமோ சேமிப்போ வேண்டும்.

கேள்வி: ஓத அணைகளால் கடலுக்குக் கேடு இல்லையா?
*– வாசகி, உசிலம்பட்டி*

பதில்: இருக்கிறது. ரான்ஸ் அணையைக் கட்டிய மூன்று ஆண்டுகள் கழிமுகத்தைக் கடலிலிருந்து முற்றாக அடைத்துவிட்டார்கள். உள்ளே இருந்த கடலுயிர்கள் பெரும்பாலும் மடிந்தன, நிலைமை சீராகப் பத்தாண்டுகள் போலாயின. சிஹ்வாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1994-இல் வேறு தேவைக்காகக் கட்டிய கடற்சுவர் நீரைத் தேக்கி, தொழிற்சாலைக் கழிவால் ஏரியைச் சாக்கடையாக்கியது. பின்னர் அதே சுவரில் மின்நிலையம் அமைத்துக் கடல்நீர் நாள்தோறும் வந்துபோக வழிவிட்ட பிறகு நீர் தெளிந்தது.

கேள்வி: ஓதத்தின் ஆற்றலை நாம் எடுத்துக்கொண்டே போனால் பூமியின் சுழற்சி குறைந்துவிடாதா?
*– ஒன்பதாம் வகுப்பு மாணவி, திருப்பரங்குன்றம்*

பதில்: சரியான இடத்தைத் தொட்டிருக்கிறாய், மகளே. ஓதத்தின் ஆற்றல் பெரும்பாலும் பூமியின் சுழற்சியிலிருந்துதான் வருகிறது. டர்பைன் ஏதும் இல்லாவிட்டாலும், கடல் தன் அடித்தளத்தோடும் கரையோடும் உராய்வதால் நூறு ஆண்டுக்கு ஒரு முறை நாளின் நீளம் ஒரு நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு போல் கூடிவருகிறது. சந்திரனும் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப்போகிறது. இயற்கை உராய்வில் இப்படிச் செலவாவது ஏறத்தாழ 37 இலட்சம் மெகாவாட். அதன் அருகே ரான்ஸின் 240 மெகாவாட்டை வைத்துப் பார்.