அரசெலி எங்கே?

அன்புள்ள ஐயா,

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்கு உளவு சொல்வதுபோல் நடித்துப் பிரிட்டனுக்கு வேலை செய்த இரட்டை உளவாளி கார்போ பற்றிய 2009 ஸ்பானிய ஆவணப்படம் பார்த்தேன். செத்துவிட்டதாக எல்லோரும் நம்பிய மனிதர் 35 ஆண்டுகள் கழித்து உயிரோடு வந்து நிற்கிறாரே, சிலிர்த்துவிட்டது. ஒரு வீரனின் கதைக்கு இதைவிட நல்ல முடிவு உண்டா? ஜெர்மானியர்கள் எப்படிக் கடைசிவரை அவரை நம்பினார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எப்படி நம்பினார்கள் என்பதற்குப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. 27 துணை உளவாளிகளைக் கற்பனையிலேயே உருவாக்கி அவர்கள் பெயரில் ஜெர்மானியரிடம் சம்பளமும் வாங்கியவர் ஜுவான் புஜோல், அதுதான் கார்போவின் நிஜப் பெயர். 1944இல் ஜெர்மனி இரும்புச் சிலுவைப் பதக்கம் கொடுத்தது, பிரிட்டன் எம்.பி.ஈ. என்ற அரச விருது கொடுத்தது. சரி, அது போகட்டும்.

'நல்ல முடிவு' என்கிறீர்களே, யாருக்கு நல்ல முடிவு? சில நாட்களாக நான் அவர் மனைவியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் அவள் பெயரே இல்லை. அரசெலி.

ஸ்பெயினின் கலீசியாக்காரி. லண்டனில் கைக்குழந்தையோடு இருந்தாள், யாரோடும் பழகக் கூடாது, ஊருக்கும் போக முடியாது. பிரிட்டிஷ் உளவுத்துறையின் கோப்பில் அவள் புகார் பதிவாகியிருக்கிறது: எப்போது பார்த்தாலும் மக்கரோனியும் உருளைக்கிழங்கும்தான், மீன் போதவில்லை. இதைப் படிப்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மொழி தெரியாத ஒரு குளிர் ஊரில் ஒரு வருடம் தனியாக இருந்திருக்கிறேன். ஒருநாள் மாலை பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து மீன் பொரிக்கும் வாசம் வந்தது. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். மீன் இல்லை என்று ஒருத்தி சொன்னால் அவள் மீனை மட்டும் சொல்லவில்லை, எஸ்.

1943இல் அம்மாவைப் பார்க்க ஊருக்கு அனுப்பாவிட்டால் ஸ்பானியத் தூதரகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்றாள். அதற்கு என்ன செய்தார்கள்? அவளால் கணவர் கைதாகிவிட்டார் என்று நம்பவைத்தார்கள். கண்ணைக் கட்டி விசாரணை முகாமுக்குக் கூட்டிப்போய், கைதி உடையில், சவரம் செய்யாத முகத்தோடு அவரைக் காட்டினார்கள். பயந்துபோய், இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டாள். அந்த நாடகத்தை யோசித்தது யார் தெரியுமா? புஜோலேதான். ஹிட்லரை ஏமாற்றிய அதே மூளை. அவள் வாயைத் திறந்திருந்தால் பல உயிர் போயிருக்கும் என்பீர்கள். உண்மைதான். அதனால் அவள் பட்டது இல்லையென்று ஆகிவிடுமா?

போர் முடிந்தது. அவள் பிள்ளைகளோடு ஸ்பெயின் திரும்பினாள். 1949இல் அங்கோலாவில் மலேரியாவால் அவர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. அவர் வெனிசுவேலாவில் வேறு குடும்பத்தோடு இருந்தார். நீங்கள் சிலிர்த்த அந்த 35 ஆண்டுகள் அவள் பிள்ளைகள் அப்பா இல்லாமல் வளர்ந்த ஆண்டுகள். படித்த பிள்ளை நீங்கள், எதைப் பார்த்து இப்படிக் கைதட்டுகிறீர்கள்?

கோபமாக எழுதிவிட்டேனா? உங்கள்மேல் பிரியம் இருப்பதால்தான். 1944இல் நேசநாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கியபோது ஜெர்மானியரைத் திசைதிருப்ப அவர் செய்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1984 ஜூனில் அவர் அந்தக் கடற்கரைக்குத் திரும்பி வந்தபோது அரசெலி உயிரோடுதான் இருந்தாள். மறுமணம் செய்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. படத்தை இன்னொரு தடவை போடுங்கள். இந்த முறை அவளைப் பாருங்கள், பார்த்துவிட்டு எழுதுங்கள்.