ஸ்பெர்லோங்கா: குன்றில் ஏறுவதற்கு முன் குகையைப் பாருங்கள்

கேள்வி: மே மாதம் ரோமில் தங்கும்போது, முழங்கால் வலியுள்ள என் அம்மாவுடன் ஒரே நாளில் ஸ்பெர்லோங்கா சென்று, அங்குள்ள வரலாற்றுச் சின்னங்களைப் பார்த்துத் திரும்ப முடியுமா? எங்களிடம் கார் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தாராளமாக முடியும். ஆனால் கடலை ஒட்டிய பாறைமுகட்டில் அடுக்கடுக்காகத் தெரியும் வெள்ளை வீடுகளைப் பார்த்ததும் முதலில் அங்கே ஏறிவிடாதீர்கள். அந்த ஊரின் மிகப் பெரிய வரலாற்றுச் செல்வம் குன்றின் மேல் இல்லை. தெற்கே கடற்கரை முடியும் இடத்தில், ரோமப் பேரரசர் திபேரியஸ் விருந்துண்ட குகையிலும் அதை அடுத்த தேசிய தொல்லியல் அருங்காட்சியகத்திலும் இருக்கிறது. அம்மாவின் கால்கள் களைப்படையாத காலை நேரத்தை அதற்கே ஒதுக்குங்கள்.

ரோம் தெர்மினி நிலையத்திலிருந்து ஃபோர்மியா, நேப்பிள்ஸ் பக்கம் செல்லும் சாதாரண ரயிலில் ஏறினால், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணத்தில் ஃபோந்தி-ஸ்பெர்லோங்கா நிலையம் வரும். தாள் டிக்கெட் வாங்கியிருந்தால், ஏறும் முன் நிலையத்திலுள்ள இயந்திரத்தில் முத்திரையிட மறக்க வேண்டாம். மறந்தால் அபராதம் உண்டு. நிலையம் ஊரிலிருந்து தள்ளி இருப்பதால் அங்கிருந்து பேருந்திலோ டாக்சியிலோதான் செல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்துகள் குறைவு என்பதால் வார நாளே நல்லது. மாதத்தின் முதல் ஞாயிறன்று அரசு அருங்காட்சியகங்களில் கட்டணம் இல்லை என்றாலும், அந்தச் சலுகைக்காக இந்தச் சிரமத்தை ஏற்பது உங்களுக்குப் பொருந்தாது.

1957இல் கடலோரச் சாலை போடும் பணியின்போது குகையிலிருந்து ஆயிரக்கணக்கான பளிங்குத் துண்டுகள் வெளிவந்தன. அவற்றை ரோமுக்குக் கொண்டுசெல்ல முற்பட்டபோது ஊர் மக்கள் வழிமறித்துத் தடுத்தார்கள். அந்தப் பிடிவாதத்தின் பயனாகவே 1963இல் அங்கேயே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. துண்டுகளை ஒட்டிச் சேர்த்தபோது, கிரேக்கக் காப்பிய நாயகன் ஒடிஸியஸின் சாகசங்களைக் காட்டும் சிற்பத் தொகுதிகள் உருப்பெற்றன. ஒற்றைக்கண் அரக்கன் பொலிஃபீமஸைக் குருடாக்கும் காட்சிதான் எல்லோரையும் இழுக்கும். அதன் முழு வடிவம் மறுவார்ப்பு, மூலத் துண்டுகளைத் தனியே காணலாம். நான் நின்று பார்க்கச் சொல்வது ஸ்கில்லா தொகுதியை. கடல் அரக்கியின் பெரிய கை மாலுமியின் தலைமுடியைக் கொத்தாகப் பற்றியிருக்க, அவனோ கப்பலின் பின்புறத்தில் தொற்றிக்கொண்டிருக்கிறான். கப்பலில் மூன்று சிற்பிகளின் பெயர்கள் கிரேக்கத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. வாத்திகனில் உள்ள புகழ்பெற்ற பழங்கால லாவோகூன் சிற்பத்தைச் செதுக்கியவர்களாக ரோம எழுத்தாளர் பிளினி சொல்லும் அதே மூன்று பெயர்கள்.

சிற்பங்களைப் பார்த்த பிறகே குகைக்குச் செல்லுங்கள். இல்லையென்றால் வெறும் பாறையும் குளமும் மட்டுமே கண்ணில் படும். குகைக்குள் வட்டக் குளமும், அதன் முன்னே மீன் வளர்த்த செவ்வகத் தொட்டியும், தொட்டியின் நடுவே விருந்து மேடையும் இருக்கின்றன. கி.பி. 26இல் விருந்தின் நடுவே பாறைகள் சரிந்து பணியாட்கள் சிலர் நசுங்கியபோது, மெய்க்காவல் படைத் தலைவன் செஜானஸ் தன் உடலால் பேரரசரை மறைத்துக் காத்ததாக ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். அதன் பின் திபேரியஸ் அவனை முன்னிலும் அதிகமாக நம்பினார். ஐந்தே ஆண்டுகளில் அவன் கொல்லப்படவும் அவரே காரணமானார். தரை மேடுபள்ளமானது, அம்மாவுக்கு ஊன்றுகோலும் பிடிமானமுள்ள காலணியும் அவசியம்.

பழைய ஊருக்கு மாலையில் செல்லுங்கள். கடற்கரையிலிருந்து படிக்கட்டில் ஏறாமல், மேல் நுழைவு வரை வாகனத்தில் போய் இறங்குங்கள். உள்ளே வளைந்து நெளியும் குறுகிய சந்துகள்தாம். எல்லாவற்றையும் சுற்ற வேண்டியதில்லை. 1534இல் ஒட்டோமான் கடற்படைத் தளபதி பர்பரோசாவின் கடற்படை இவ்வூரைச் சூறையாடியது. ஃபோந்தியின் சீமாட்டி ஜூலியா கொன்சாகாவைச் சிறைப்பிடித்து சுல்தானுக்குப் பரிசளிக்கவே அவர் வந்தார் என்பது பரவலான கதை. அந்தத் தாக்குதலில் அழிந்து மீண்டும் எழுந்த துருலியா கோபுரம் முனையில், கீழே கடலோரமாக நிற்கிறது. அம்மாவை மேலேயே ஓரிடத்தில் அமர்த்திவிட்டு, அதை மட்டும் நீங்கள் தனியாக இறங்கிப் பார்த்து வரலாம். திரும்பும் டாக்சியைக் காலையிலேயே பேசி வைத்துவிடுங்கள்.