மகரந்த ஒவ்வாமையை ஆராய ஆட்களை அறைக்குள் உட்கார வைத்து மகரந்தம் தூவுகிறார்களாமே, உண்மையா? ஆபத்தில்லையா?

உண்மைதான். கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் அது ஏன் என்று என் மூக்கை வைத்தே சொல்கிறேன்.

நான் காட்பாடி. பைக்கில் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வேலூருக்குப் போகும்போது, கீழே ஆற்று மணலில் காடாக மண்டிக் கிடக்கும் வேலிகாத்தான் பூத்திருந்தால், பாலம் முடிவதற்குள் ஏழெட்டுத் தும்மல் (ஹெல்மெட்டுக்குள் தும்மிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும்). மறுநாள் அதே பாலம், அதே நேரம், ஒன்றும் இருக்காது. காற்று திசை மாறியிருக்கலாம், ராத்திரி மழை பெய்து தூளெல்லாம் அடங்கியிருக்கலாம். சரி, முதல் நாள் ராத்திரி எனக்கு ஒரு புது மாத்திரை கொடுத்திருந்தார்கள் என்று வையுங்கள். தும்மல் நின்றது மாத்திரையாலா மழையாலா?

இந்தக் குழப்பம் வராமல் இருக்கத்தான் அந்த அறை. வியன்னாவிலும் கனடாவின் கிங்ஸ்டனிலும் பல வருடமாக இருக்கிறது. மகரந்தத்தைக் காற்றில் கலந்து, அளவு ஏறாமல் இறங்காமல் மணிக்கணக்கில் வைத்திருப்பார்கள். வியன்னாவில் புல் மகரந்தம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றுக்குச் சுமார் 1500 துகள். உள்ளே இருப்பவர்கள் மூக்கொழுகல், அடைப்பு, அரிப்பு, தும்மல் நான்குக்கும் 0 முதல் 3 வரை அவ்வப்போது மதிப்பெண் போட வேண்டும். சிலருக்கு மருந்து, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை, எது யாருக்கு என்று அவர்களுக்கே தெரியாது. வெளியில் அந்தச் செடி பூக்காத மாதமாகப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் வீட்டிலிருந்தே தும்மிக்கொண்டு வருவார்களே.

யோசனை பழசுதான். மான்செஸ்டரில் சார்லஸ் பிளாக்லி என்ற மருத்துவர் தன் மூக்கிலேயே மகரந்தம் போட்டுப் பார்த்து, கையைக் கீறித் தடவியும் பார்த்து, 1873-இல் அதைப் புத்தகமாகவே போட்டார்.

ஆபத்து இல்லாமல் இல்லை, இழுப்பு வரலாம். அதனால்தான் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களைச் சேர்ப்பதில்லை, மருத்துவரும் பக்கத்திலேயே இருப்பார். இதைப் படித்துவிட்டுப் பூவைப் பறித்து வந்து தினமும் முகர்ந்தால் பழகிவிடும் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால் போதும் என்றால் அந்த அறையெல்லாம் வேண்டாம், தோலில் குத்திப் பார்க்கும் சோதனை போதும். ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம் என்று சந்தேகப்படும் பொருள்களின் சாற்றை முன்கையில் சொட்டுச் சொட்டாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் லேசாக ஒரு குத்து, கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். வெறும் உப்புத் தண்ணீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாகத் தடித்தால் அந்தப் பொருளுக்கு உங்கள் உடம்பு எதிர்வினை காட்டுகிறது என்று அர்த்தம். தும்மலுக்கு அதுதான் காரணமா என்பதை உங்கள் கதையையும் கேட்டுத்தான் மருத்துவர் சொல்வார். எல்லாருக்கும் தடிக்க வேண்டிய ஹிஸ்டமின் சொட்டு ஒன்றும் சேர்த்து வைப்பார்கள். முதல் தடவை எனக்கு அதுகூடத் தடிக்கவில்லை. நர்ஸம்மா கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "மாத்திரை போட்டுட்டா வந்தீங்க?" என்றார். முந்தின ராத்திரி தும்மலுக்குப் போட்ட செட்டிரிசின் மாத்திரை தடிப்பையும் அமுக்கிவிட்டது. ஒரு வாரம் நிறுத்திவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள், அந்த ஒரு வாரமும் பாலத்தில் பஸ்ஸில்தான் போனேன், ஜன்னலை மூடிக்கொண்டு.