ஒரே எஸ்எம்எஸ் ஏன் நான்கு முறை போகிறது? பின்னணி வேலைகள் பற்றிச் சில கேள்விகள்

கியூ (பிறகு செய்ய வேண்டிய வேலைகள் காத்திருக்கும் இடம்), வொர்க்கர் (அவற்றை எடுத்துச் செய்யும் ப்ராசஸ்), க்ரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓடவிடும் கருவி) பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முதல் பதில் நீளமானது. மற்ற பல சிக்கல்களுக்கும் அதுதான் அடிப்படை என்பதால் அதை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

கேள்வி: மருத்துவர்களிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கும் ஆப் ஒன்றை ஜாங்கோவில் (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) செய்திருக்கிறோம். பின்னணி டாஸ்க்குகளை ஓட்ட செலரி, அவற்றின் கியூவை வைக்க ரெடிஸ் பயன்படுத்துகிறோம். புக் செய்யும்போதே, சில மணி நேரம் தள்ளி ஓடும்படி நினைவூட்டல் டாஸ்கை கியூவில் போட்டுவிடுகிறோம். சிலருக்கு ஒரே எஸ்எம்எஸ் மூன்று, நான்கு முறை போகிறது. கோடில் எங்கேயும் லூப் இல்லை.

உங்கள் கோடில் லூப் தேட வேண்டாம். செலரிக்கு ரெடிஸ் புரோக்கராக (டாஸ்க்கை வாங்கி வைத்து வொர்க்கருக்குத் தரும் இடைத்தரகராக) இருக்கும்போது ‘விசிபிலிட்டி டைம்அவுட்’ என்று ஒரு கெடு உண்டு. டாஸ்கை எடுத்த வொர்க்கர் அந்தக் கெடுவுக்குள் ஒப்புதல் (இனி இதைத் திரும்ப வழங்க வேண்டாம் என்ற தகவல்) தராவிட்டால், அந்த வொர்க்கர் செத்துப்போனதாகக் கருதி அதே டாஸ்க் இன்னொரு முறை வழங்கப்படும். நீங்கள் மாற்றாதவரை இந்தக் கெடு 1 மணி நேரம். தள்ளிப்போட்ட டாஸ்க்கை வொர்க்கர் உடனே எடுத்துத் தன் மெமரியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. ஓடும் நேரம் வரும் வரை ஒப்புதல் தருவதில்லை. 4 மணி நேரம் தள்ளிப் போட்டால், மணிக்கொரு தடவை அது மறுபடி வழங்கப்பட்டு, கடைசியில் வைத்திருக்கும் எல்லாப் பிரதிகளும் எஸ்எம்எஸ் அனுப்புகின்றன.

கெடுவை உங்கள் மிக நீண்ட தாமதத்தைவிடப் பெரிதாக்கினால் இந்தச் சிக்கல் அடங்கும். ஆனால் அப்போது நிஜமாகவே செத்துப்போன வொர்க்கரின் வேலைகளும் அவ்வளவு நேரம் கிடப்பில் கிடக்கும். நான் சொல்லும் வழி வேறு. நீண்ட தாமதத்தைக் கியூவிடம் ஒப்படைக்காதீர்கள். ‘எப்போது அனுப்ப வேண்டும்’ என்பதை டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசையாக வையுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் சின்ன டாஸ்க் ஒன்று, நேரம் வந்தவற்றை மட்டும் எடுத்துக் கியூவில் போடட்டும். நோயாளி அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்தால் அதற்கான வரிசையை (ரோ) நீக்கினால் போதும்.

இதோடு நிற்காதீர்கள். அமேசானின் கியூ சேவையான எஸ்க்யூஎஸ் தரும் ஸ்டாண்டர்டு கியூவிலும் இதே கெடு இருக்கிறது, அங்கே இயல்பாக 30 நொடிதான். ராபிட்எம்க்யூ என்ற இன்னொரு புரோக்கரில் ஒப்புதலுக்கு முன் இணைப்பு அறுந்தால் செய்தி திரும்பக் கியூவுக்குப் போகும். ஒரு வேலை இரண்டு முறை வரலாம் என்பதை இயல்பான நிலையாக வைத்தே ஒவ்வொரு டாஸ்க்கையும் எழுத வேண்டும். உங்கள் விஷயத்தில், நிலை ‘காத்திருக்கிறது’ என்று இருந்தால் மட்டுமே ‘அனுப்பப்படுகிறது’ என்று மாற்றும் ஒரே ஒரு அப்டேட் கட்டளை போதும். மாறிய வரிசை 1 என்றால் அனுப்புங்கள், 0 என்றால் வேறொரு வொர்க்கர் எடுத்துவிட்டது, விட்டுவிடுங்கள். முதலில் படித்துப் பார்த்துவிட்டுப் பிறகு தனியாக எழுதுவது போதாது, இடைவெளியில் இன்னொரு வொர்க்கர் புகுந்துவிடும்.

அப்புறமும் ஒரு சின்ன ஓட்டை இருக்கும்: நிலையை மாற்றிய பின், அனுப்புவதற்கு முன் வொர்க்கர் விழுந்தால் அந்த எஸ்எம்எஸ் போகாது. நினைவூட்டலுக்கு அதை ஏற்கலாம். பணம் பிடிக்கும் டாஸ்க்குக்கு ஏற்கவே கூடாது. அங்கே ஒவ்வொரு கட்டணத்துக்கும் மாறாத ஒரு ஐடெம்பொடென்சி கீ (இது அதே கட்டணம்தான் என்று காட்டும் அடையாளம்) அனுப்புங்கள். ஸ்ட்ரைப் போன்ற கட்டணச் சேவைகள் அதே கீ மறுபடி வந்தால் புதிதாகப் பணம் பிடிக்காமல் பழைய பதிலையே தருகின்றன.

கேள்வி: ஆர்டர் சேமித்தவுடன் டாஸ்க் போடுகிறோம். சில நேரம் வொர்க்கர் ‘அந்த ஆர்டரே இல்லை’ என்கிறது. டேட்டாபேஸில் பார்த்தால் இருக்கிறது!

ட்ரான்ஸாக்‌ஷன் கமிட் ஆவதற்குள், அதாவது டேட்டாபேஸ் மாற்றங்கள் நிலையாகப் பதிவாகும் முன், வொர்க்கர் முந்திக்கொள்கிறது. ஜாங்கோவில் ‘ஆன் கமிட்’ வசதிக்குள் டாஸ்க் போடுங்கள். செலரி 5.4-இல் இதற்கென்றே ‘டிலே ஆன் கமிட்’ வந்திருக்கிறது. இரண்டு நொடி தாமதம் வைத்துச் சமாளிப்பவர்கள் உண்டு, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சர்வர் திணறும் நாளில் அந்த இரண்டு நொடி போதாது.

கமிட் ஆனபின் கியூவில் போடும் முன் ப்ராசஸ் விழுந்தால் டாஸ்க் காணாமல் போகும். அதைத் தாங்க முடியாத இடத்தில், ஆர்டரோடு சேர்த்து அதே ட்ரான்ஸாக்‌ஷனில் ‘செய்ய வேண்டிய வேலை’ என்று ஒரு வரிசையையும் எழுதிவிட்டு, வேறொரு ப்ராசஸ் அதைப் படித்துக் கியூவுக்கு அனுப்பட்டும்.

கேள்வி: ஐந்து பேர் டீம். டேட்டாபேஸாகப் போஸ்ட்கிரஸ் இருக்கிறது. கியூவுக்கு ரெடிஸோ ராபிட்எம்க்யூவோ கட்டாயமா?

இல்லை. போஸ்ட்கிரஸ் 9.5-இல் வந்த ‘ஸ்கிப் லாக்டு’ இருக்கும்வரை, ஒரு அட்டவணையே நல்ல கியூ. பல வொர்க்கர்கள் ஒரே நேரத்தில் படித்தாலும், ஒருவர் பூட்டிய வரிசையை மற்றவர் காத்திருக்காமல் தாண்டிப்போகிறார். ரூபியின் வெப் ஃப்ரேம்வொர்க்கான ரெயில்ஸ் 8 இயல்பாகத் தரும் சாலிட் கியூவும் இதைத்தான் பயன்படுத்துகிறது. நீங்களே எழுதுவதைவிட பைத்தானுக்கு ப்ரொகிராஸ்டினேட், கோ மொழிக்கு ரிவர், எலிக்ஸருக்கு ஓபன் என்று இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதில் மிகப் பிடித்தது, மேலே சொன்ன கமிட் சிக்கலே இல்லாமல் போவது: ஆர்டரும் வேலையும் ஒரே ட்ரான்ஸாக்‌ஷனில் சேர்கின்றன. ஒரு எச்சரிக்கை மட்டும். வேலை ஓடும் நேரம் முழுக்க ட்ரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைக்காதீர்கள். வேக்யூம் (பழைய வரிசைகளைத் துப்புரவு செய்யும் போஸ்ட்கிரஸ் வசதி) தன் வேலையைச் செய்ய முடியாமல் அட்டவணை வீங்கும்.

கேள்வி: ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி அதிகாலை 2 மணிக்கு பில் உருவாக்க க்ரான் வைத்தோம். சர்வர் யூடிசி (இந்திய நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரம்) நேரத்தில் இருப்பதால் காலை 7.30-க்கு ஓடுகிறது. எப்படி மாற்றுவது? மூன்று சர்வரிலும் அதே க்ரான் ஓடுவதும் தலைவலியாக இருக்கிறது.

ஐந்தரை மணி நேரம் கழித்தால் முந்தைய நாள் 20:30 வரும். அந்த ‘முந்தைய நாள்’ 28, 29, 30, 31 என எதுவாகவும் இருக்கலாம், சாதாரண க்ரானில் ‘மாதக் கடைசி நாள்’ என்று எழுத வழியில்லை. செலரியிலும், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில் 1.27-இலிருந்து நிலைபெற்ற க்ரான்ஜாப் நேர மண்டல அமைப்பிலும், ‘ஏசியா/கொல்கத்தா’ என்றே குறிப்பிடலாம். வெறும் லினக்ஸ் க்ரான்தான் என்றால், தினமும் 20:30-க்கு ஓடவிட்டு, இந்திய நேரப்படி தேதி 1 தானா என்று கோடில் பாருங்கள். அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு அவர்கள் நேரத்தில் ஓடுவதாக இருந்தால் நள்ளிரவு 1 முதல் 3 வரை தவிர்த்துவிடுங்கள். அங்கே மார்ச்சில் ஒரு ஞாயிறு 2 மணி என்பதே வராது, நவம்பரில் ஒரு ஞாயிறு 1 மணி இரண்டு முறை வரும்.

மூன்று சர்வருக்கு: ‘பில், 2025 ஜூன்’ என்று வேலையின் பெயரும் மாதமும் சேர்ந்த யூனிக் கீயோடு (ஒரே மதிப்பு இரண்டாம் முறை பதிவாகாது) ஒரு அட்டவணை வையுங்கள். முதலில் வரிசை எழுதியவர் ஓடட்டும், மற்ற இரண்டும் பிழை வாங்கி விலகும். சர்வர் அணைந்து கிடந்த நேரத்தை க்ரான் நினைவில் வைப்பதில்லை. இந்த அட்டவணை இருந்தால், போன மாதம் முடிந்ததா என்று பார்த்து விட்டதையும் பிடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஈமெயில் சேவை ஒரு மணி நேரம் படுத்துவிட்டது. எழுந்ததும் எங்கள் ரீட்ரை (தோற்ற வேலையை மறுபடி முயல்வது) வெள்ளத்தில் மறுபடி திணறியது.

ஒவ்வொரு தோல்விக்கும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள், அதோடு கொஞ்சம் தற்செயல் நேரத்தையும் சேருங்கள். அது இல்லாவிட்டால், ஒன்றாகத் தோற்றவை எல்லாம் ஒன்றாகவே திரும்பி வரும். எத்தனை முறை என்பதையும் வேலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ரூபியின் பின்னணி வேலைக் கருவியான சைட்கிக் இயல்பாக 25 முறை, ஏறக்குறைய 20 நாள் முயலும். கணக்குப் பதிவுக்கு அது நல்லது, ஓடிபிக்கு அர்த்தமே இல்லை. தவறான முகவரி போன்ற நிரந்தரப் பிழையை ஒருமுறைகூட ரீட்ரை செய்ய வேண்டாம்.

கேள்வி: புதிய கோடை டிப்ளாய் செய்யும்போது பாதியில் நிற்கும் ரிப்போர்ட் டாஸ்க்கை என்ன செய்வது?

குபர்னெட்டிஸ் நிறுத்தச் சொன்னபின் இயல்பாகத் தருவது 30 நொடி. அந்த அவகாசத்தை நீட்டலாம், ஆனால் ஒரு மணி நேர டாஸ்க்கை ஐந்நூறு வரிசைகள் கொண்ட துண்டுகளாகப் பிரித்து, முடிந்த துண்டைப் பதிவு செய்வதுதான் சரி.

கேள்வி: கியூவில் 10,000 வேலை இருந்தால் பயப்பட வேண்டுமா?

எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. கியூவில் மிகப் பழைய வேலை எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது என்பதை அளந்து, அதற்கு அலர்ட் வையுங்கள். 10,000 சின்ன வேலைகள் ஒரு நிமிடத்தில் தீரலாம். ஓடிபி கியூவில் பத்தே வேலை ஐந்து நிமிடமாக நின்றால் அது அவசரம். இதற்காகவே ஓடிபியையும் ரிப்போர்ட்டையும் ஒரே கியூவில் போடாமல், தனித்தனிக் கியூ, தனித்தனி வொர்க்கர் வைக்கச் சொல்கிறேன்.